போர்டில் போட்ட மாப்பிள்ளை

அழகிரி அத்தானை போர்டில் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தி அறுபத்து நான்காம் வருஷம் மாசி மாதம் வந்தது. கொண்டு வந்தவர் ஹபீபுல்லா. பாலக்கரைக்காரர், அத்தான் இருந்த அதே பீரங்கிப் படையில் இருந்தார். லீவில் வந்தவர் திருவானைக்காவலில் அத்தை வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அழகிரிய போர்டுல போட்டிருக்காங்கம்மா. சீக்கிரம் வந்துடுவான், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அத்தை ஏன் கவலைப்படப் போகிறாள்? எங்கள் பக்கத்தில் போர்டு என்றால் ஜில்லா போர்டு. அது கலைந்து சில வருஷங்கள் ஆகியும் போர்டு ஸ்கூல், போர்டு ரோடு என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போர்டில் போட்டிருக்கிறார்கள் என்றால் போர்டில் வேலை போட்டிருக்கிறார்கள். அன்று மாலையே ஒரு தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கலோடு அத்தை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"எம் புள்ளைக்கு போர்டுல வேலை ஆயிடுச்சு, செல்லக்கண்ணு."

"என்னக்கா?" என்றார் அப்பா.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தார். பாய்லர் ஷாப். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே இரும்புத் தகடுகளில் ரிவெட் ஆணி அடிக்கிறார். அவரிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டும். அம்மா முதல் தடவையே கத்திவிடுவாள். அடையவளஞ்சான் வீதியில் எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மெதுவாகச் சொன்ன எதுவும் எங்கள் வீட்டில் சொல்லாததற்குச் சமம். என் குரலோ மெதுவான குரலாகவே அமைந்திருந்தது.

அத்தை மறுபடி உரக்கச் சொன்னாள். அப்பா யோசித்தார். "பட்டாளத்துல ஏதுக்கா ஜில்லா போர்டு?"

"அங்கேருந்து இங்க மாத்தியிருப்பாங்க. எல்லாம் கவர்மெண்டுதானே."

மருங்காபுரியிலிருந்து கடலை விற்க வந்திருந்த நல்லுசாமி மாமா, அம்மாவின் அண்ணன், பொங்கலை வழித்துக்கொண்டே, "டிரில் மாஸ்டரா இருக்கும். பீரங்கி அடிச்சவனை வச்சுக்கிட்டு வேற என்னா பாடம் நடத்துறது?" என்றார். அதுவே முடிவாயிற்று.

கல்லூரி நூலகத்துப் பத்திரிகையில் இன்னொரு போர்டைப் பற்றி நான் படித்திருந்தேன். உடம்பு சரியில்லாத சிப்பாய்களை டாக்டர்கள் சேர்ந்து பார்த்து, இருக்கலாமா போகலாமா என்று சொல்கிற போர்டு. "மெடிக்கல் போர்டா இருக்கலாம்" என்றேன்.

"என்னாடி?" என்றாள் அம்மா.

ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். பொங்கல் நன்றாக இருந்தது.

அத்தான் பங்குனியில் வந்து சேர்ந்தார். அவரை அழைத்துவர அப்பாவும் அத்தையும் அம்மாவும் நானும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் போனோம். கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன் மேல் வெள்ளை எழுத்தில் இருந்த நம்பரையும் படைப்பெயரையும் யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள். அத்தானேதான் என்று பிறகு தெரிந்தது. ஆள் முன்னைவிட அகன்றிருந்தார். நொண்டவில்லை, இருமவில்லை, எங்கும் கட்டு இல்லை. அம்மா அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்காரு" என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் தெருவில் எல்லோரும் அவரை நிறுத்தி எந்த ஊர் ஸ்கூல் என்று கேட்டார்கள். அவர் விழித்தார். விஷயம் புரிந்ததும் சிரித்தார்.

"அது டாக்டருங்க போர்டுங்க. மூணு பேர் உக்காந்து என்னைப் பாத்தாங்க. நீ இருந்தது போதும், வீட்டுக்குப் போன்னுட்டாங்க."

"ஏன் தம்பி, உடம்புக்கு என்ன?"

"குளிரு ஒத்துக்கல" என்று அத்தை முந்திக்கொண்டாள். "வடக்கே என்னமா குளிரு. நம்ம தண்ணி பட்டா சரியாப் போயிடும்."

அத்தான் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அத்தை அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருவாள், நடந்தால் பக்கத்தில் நடப்பாள். யாராவது ஏதாவது கேட்டால் அவர் அத்தையைப் பார்ப்பார், அத்தை ஒரு வார்த்தை சொல்வாள், அவர் பதில் சொல்வார். இத்தனை வருஷம் பிரிந்திருந்த பாசம் என்று அம்மா சொன்னாள்.

தெருவில் பரவின செய்தி மட்டும் அடங்கவில்லை. திருவானைக்காவலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு டிரில் மாஸ்டர் வேண்டியிருந்தது. அந்த ஹெட்மாஸ்டர் ஒருநாள் அத்தை வீட்டுக்கு வந்து, போர்டு இவரை எந்த ஊரில் போடப் போகிறதோ, அதற்கு முன்னால் தன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட முடியுமா என்று கேட்டாராம். ஜில்லா போர்டில் தனக்கு வேலையே இல்லை என்ற உண்மையை அத்தான் சொன்னார். ஹெட்மாஸ்டர், "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, போர்டுகிட்ட கேக்க வேண்டியதில்ல" என்று அங்கேயே வேலையை உறுதி செய்துவிட்டார். நல்லுசாமி மாமா சொன்னது பலித்தது. தனக்கு முன்பே தெரியும் என்று மாமா மருங்காபுரி பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

வேலை ஆனதும் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். எனக்கு முறை மாப்பிள்ளை அவர்தான். சின்ன வயதில் கொள்ளிடத்து மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர். எனக்கு அவரைப் பிடிக்கும். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் தீர வேண்டியிருந்தது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்திருந்தேன். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். காலேஜ் திறந்ததும் சேர வேண்டும். அந்த லேபின் கண்ணாடி அலமாரியும், பிரிஸத்தில் வெளிச்சம் நிறம் நிறமாக உடைகிற இருட்டறையும், பித்தளைத் தராசைத் தொடுவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்கிற அந்தக் கணமும் எனக்கு வேண்டியிருந்தன. அங்கே சத்தம் போடத் தேவையில்லை. அத்தையோ மருமகளை வேலைக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று அப்போதே ஆரம்பித்திருந்தாள். அப்பா, "மாப்பிள்ளை சரின்னா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அம்மா, "நீயே கேட்டுக்கயேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

நான் கேட்டேன்.

திருவானைக்காவல் கோயிலில் ஜம்புகேஸ்வரரை வாசல் வழியாகப் பார்ப்பதில்லை. ஒன்பது துவாரம் உள்ள கல் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டு வீட்டாரும் சேர்ந்து போயிருந்தோம். பெரியவர்கள் பார்த்துவிட்டு அம்மன் சன்னதிக்கு நகர்ந்துவிட்டார்கள். அத்தான் ஜன்னலில் குனிந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. நான் போய் நின்றேன். கல்லைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸில் வரும்போதே கோத்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் நான் காலேஜ் வேலைக்குப் போகணும், அத்தான். உங்களுக்குச் சம்மதமா?"

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் வேட்டிக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓரக்கண்ணில் தெரிந்தது: தெளிவாகத் தலையாட்டினார். துணிந்து நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. நிம்மதி எனக்குத்தான் வர வேண்டும். அவர் முகத்தில் என்னைவிட அதிகமாக இருந்தது. அது ஏன் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். தெருவுக்கே தெரிந்தது. வைகாசியில் நாள் பார்த்தார்கள். காலேஜில் சேருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரையில் ஒருநாள் காலை அத்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு பூவன் தார் கொண்டு வந்தார். அம்மாவும் நானும் அம்மா மண்டபப் படித்துறையில் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வந்துகொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் அவர் தாரை வலது தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். காவிரியிலிருந்து திருமஞ்சன நீர் கொண்டு போய்விட்டுக் கோயில் யானை வலப்பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பி வந்தது. மணிச் சத்தம் கேட்டு ரோட்டில் எல்லோரும் ஓரம் ஒதுங்கினார்கள். அத்தானும் நின்று திரும்பினார். ஆனால் யானை வருகிற பக்கம் திரும்பவில்லை. இடப்பக்கம், ஒன்றுமில்லாத ஒரு சந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யானை சாவகாசமாக வலப்பக்கம் வந்து, தாரிலிருந்து இரண்டு சீப்பைப் பிய்த்துக்கொண்டு, மாலை வாங்கின கல்யாண வீட்டுக்காரர் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போயிற்று.

ரோடே சிரித்தது. அத்தான்தான் அதிகம் சிரித்தார். "மாப்பிள்ளைக்குப் பராக்கு. கல்யாண ஞாபகம்" என்றாள் அம்மா.

நான் சிரிக்கவில்லை. யானை மணி ஒன்றும் சின்னச் சத்தம் இல்லை. சத்தம் வலப்பக்கமிருந்து வந்தால் வலது காதுக்கு ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் முன்னதாக வரும். கொஞ்சம் கூடுதலாகவும் கேட்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரிகிறது. அதற்கு இரண்டு காது வேண்டும்.

ஒரு தடவை நடந்தது சோதனை ஆகாது. அத்தை முன்னதாகவே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்று அவர் சாப்பிடும்போது வலப்பக்கம் பின்னால் நின்று ஒரு டம்ளரைக் கீழே போட்டேன். அவர் இடப்பக்கம் முற்றத்தைப் பார்த்தார். சற்றுப் பொறுத்து இடப்பக்கம் போய் ஒரு தட்டைப் போட்டேன். அப்போதும் முற்றத்தைத்தான் பார்த்தார். அம்மா என் கையில் என்ன ஓட்டையா என்று கேட்டாள். அத்தை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் இடப்பக்கம்தான் உட்காருகிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கல் ஜன்னல் நினைவுக்கு வந்தது. நான் நின்றது வலப்பக்கம்.

அப்படியானால் நான் கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. பிறகு எதற்குத் தலையாட்டினார்?

அம்மாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அப்பாவிடம் சொல்வாள். அப்பாவிடம் சொல்வது என்றால் தெருவிடம் சொல்வது. அத்தை பொத்திப் பொத்தி வைத்திருப்பதை நான் போட்டு உடைத்த மாதிரி ஆகும். அவரிடமே மறுபடி கேட்க வேண்டும், இடது காதில். இடது காதுக்குப் பக்கத்தில் அத்தை இருந்தாள்.

முகூர்த்தப் புடவை எடுக்கத் திருச்சி பெரிய கடை வீதிக்குப் போனோம். பஸ்ஸில் அத்தை அவருக்கு இடப்பக்கம். கடையில் ஜமக்காளத்தில் அத்தை அவருக்கு இடப்பக்கம். ஆனால் புடவை என்று வந்ததும் அத்தையும் அம்மாவும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நின்றார்கள். அத்தைக்கு அரக்கு, அம்மாவுக்கு மாம்பழ நிறம். அத்தான் எழுந்து வெளியே படியில் போய் நின்றார். நானும் போனேன். அவருக்கு இடப்பக்கம் யாரோ சைக்கிள்களை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். வலப்பக்கம்தான் இடம் இருந்தது.

கூரைகளுக்கு மேலே மலைக்கோட்டை தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். தெருச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது.

"அன்னிக்கு கோயில்ல நீ கேட்டதும் மனசு லேசாயிடுச்சு, நாயகி. அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டு இருந்தேன். நீயே காதைப் பத்திக் கேட்டுட்டே. நானும் மறைக்கல. ஆமான்னு தலையாட்டிட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெண் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை, அவருக்கு மனதில் இருந்தது ஒரே விஷயம், அதைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்ததால் ஒளிவில்லாமல் சொன்னார். பயிற்சி மைதானத்தில் பீரங்கி வெடித்து வெடித்து ஒருநாள் வலப்பக்கம் கதவைச் சாத்தின மாதிரி ஆயிற்றாம். ஆனால் பீரங்கிக்குப் பக்கத்தில் யாருக்குமே ஒன்றும் கேட்காது. கையசைவையும் உதட்டசைவையும் பார்த்துத்தான் வேலை நடக்கும். அதில் அவர் கெட்டிக்காரர். வருஷா வருஷம் நடக்கிற பரிசோதனையில்கூட டாக்டரின் உதட்டைப் பார்த்தே தேறிவிட்டார். பிறகு ஒருநாள், முதுகுக்குப் பின்னால் சொன்ன உத்தரவு ஒன்றைத் தவறவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. அடிபட்டிருக்கலாம். அன்று சாயங்காலம் அவரே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

ராணுவ ஆஸ்பத்திரியில் வைத்து வாரக்கணக்கில் பார்த்தார்கள். கடைசியில் போர்டு. மூன்று டாக்டர்கள். இரண்டு கால் இரும்பு ஒன்றைத் தட்டி நெற்றியில் வைத்தார்களாம். நடு நெற்றியில் வைத்தாலும் இடது காதில்தான் கேட்டதாம். எங்கள் லேப் அலமாரியில் வரிசையாக இருக்கிற அதே ட்யூனிங் ஃபோர்க். நான் அதைச் சொல்ல வாயெடுத்து, எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன்.

"அப்புறம் சுவத்தைப் பாத்து நிக்க வச்சுட்டாங்க. உதட்டைப் பாக்க வழியில்ல. இடது காதை ஒருத்தர் பொத்திக்கிட்டாரு. பெரிய டாக்டர் வலது காதுகிட்ட வந்து ஏதோ சொன்னாராம். நான் சும்மா நின்னேன். மறுபடி சொன்னாராம். சும்மாவே நின்னேன். திருப்பி விட்டுப் பாத்தா மூணு பேரும் சிரிக்கிறாங்க. என்னா சொன்னாரு தெரியுமா? 'உனக்கு ரெண்டு மாசம் லீவு, இன்னிக்கே ரயில் ஏறு'ன்னு சொல்லியிருக்காரு. இத்தனை வருஷத்துல லீவுன்னு சொல்லியும் அசையாத சிப்பாய் நீ ஒருத்தன்தான், உனக்கு நிஜமாவே காது கேக்கலன்னு எழுதிட்டாரு."

அவர் சிரித்தார். கடைக்குள்ளிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"நானும் அவங்களோட சேந்து சிரிச்சேன். பூட்ஸைத் திருப்பிக் குடுக்கும்போதுதான் சிரிப்பு நின்னு போச்சு" என்றார். "ஆனா கொள்ளிடம் பாலத்துல ரயில் ஏறுச்சு பாரு. அந்தச் சத்தத்துக்கு ஒரு காதே போதும்னு இருந்துச்சு."

"நான் கேட்டது அது இல்ல, அத்தான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். வலப்பக்கம் சொன்ன எதற்கும் தலையாட்டுவார் என்று தெரிந்துகொண்டேன். முகத்தை நிமிர்த்திச் சொன்னால் உதட்டைப் படித்துவிடுவார். பெரிய கடை வீதியில், பட்டப்பகலில், கல்யாணம் ஆகாத ஆண்பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து. துணிவைத் திரட்டிக்கொண்டிருந்தபோது அத்தை அரக்குப் புடவையோடு வெற்றிகரமாக வெளியே வந்தாள். படியில் எங்களைப் பார்த்தாள். ஒரு சைக்கிளை நகர்த்திவிட்டு அவருக்கு இடப்பக்கம் நின்றுகொண்டாள்.

அதற்குப் பிறகு கல்யாணம் வரை அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பாவின் ஒர்க்ஷாப்காரர்கள் பாதிப் பந்தலை நிறைத்தார்கள். பாய்லர் ஷாப் ஆட்கள் பத்துப் பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே நாதஸ்வரம் தோற்றது. ஹபீபுல்லாவும் லீவு எடுத்து வந்திருந்தார். அவர்தான் மாப்பிள்ளைக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் என்று நல்லுசாமி மாமா எல்லோருக்கும் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். அவர் எதுவும் புரியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கொண்டுபோய் மணையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டும் வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். எங்கும் அதுதான் வழக்கம்.

மாலையின் பாரத்தில் தலை தானாகக் குனிந்தது. தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் எடுத்துக்கொண்டு ஆசீர்வாதத்துக்காகப் பந்தலைச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு கடைசி வரிசையை எட்டியிருந்தது. திரும்பி வந்தால் முடிந்தது. அதற்குப் பிறகும் கேட்கலாம்தான். ஆனால் முடிந்த பிறகு கேட்பது கேள்வி இல்லை, வேண்டுதல். எனக்கு அது கேள்வியாக இருக்க வேண்டும்.

தலையைத் தூக்கினேன்.

முதலில் கவனித்தது என் சித்தி. "குனிஞ்சுக்கடி" என்றாள். நான் குனியவில்லை. அத்தானின் முழங்கையை என் முழங்கையால் இடித்தேன். அவர் திரும்பினார். அவர் கண்ணைப் பார்த்தேன். குரலே இல்லாமல், உதட்டால் மட்டும், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் காலேஜ் வேலைக்குப் போகணும். உங்களுக்குச் சம்மதமா?

அவர் கண் என் உதட்டில் இருந்தது. முதல் தடவையாக நான் பேசியது ஒருவருக்கு முழுதும் போய்ச் சேருவதைப் பார்த்தேன். அவர் புருவம் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து நாதஸ்வரக்காரர் சீவாளியை மாற்ற வாசிப்பை நிறுத்தினார். தவிலும் நின்றது. அத்தானுக்கு அது தெரியவில்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னார்.

"தாராளமாப் போயேன். இதுக்கா கேட்டே?"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் தட்டை வைத்திருந்தவரும் நின்றுவிட்டார்.

"என்னா சொல்றாரு மாப்பிள்ளை?" என்றார் அப்பா.

"இவ வேலைக்குப் போகலாமாம்" என்று அம்மா கத்தினாள்.

அத்தானுக்கு இன்னும் ஒன்று தீரவில்லை. "அப்ப அன்னிக்கு ஜம்புகேஸ்வரர் கோயில்ல கேட்டது இதைத்தானா? நீ காதைப் பத்திக் கேக்குறேன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார், அதே குரலில்.

"காதுக்கு என்னா?" என்று நல்லுசாமி மாமா எழுந்தார்.

அத்தையின் முகம் வாடிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு பந்தலைப் பார்த்துச் சொன்னார்: "வலது காது கேக்காதுங்க. அதுக்குத்தான் போர்டுல வச்சு அனுப்பிச்சாங்க. அம்மா பயந்துக்கிட்டுச் சொல்லல. பொண்ணு குடுக்கிறவங்க தெரிஞ்சுக்கணும்."

அம்மா இதை அப்பாவின் காதில் கத்தினாள். அப்பா முதலில் நம்பாதவர்போல் அத்தையைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இதையா மறைச்சே, அக்கா? எனக்கு ரெண்டு காதுலயும் பாதிதான் கேக்கும். அந்தா உக்காந்திருக்கானுங்களே, அத்தனை பேருக்கும் அப்படித்தான். மாப்பிள்ளைக்கு ஒண்ணு முழுசா இருக்கே. என் வீட்டுக்கு வந்தவங்கள்ல நல்லாக் காது கேக்குற ஆம்பளை இவருதான்."

பாய்லர் ஷாப்காரர்கள் ஒருவரையொருவர் என்ன என்ன என்று கேட்டு, கேட்டவருக்கு மற்றவர் கத்திச் சொல்லி, சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. எங்களை எந்த டாக்டர் போர்டிலும் போட மாட்டேன் என்கிறார்களே என்று ஒருவர் அங்கலாய்த்தார். சிரிப்பு அத்தையிடம் கடைசியாகத்தான் வந்தது. முந்தானைக்குப் பின்னால் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

தட்டு திரும்பி வந்தது. கெட்டிமேளம் முழங்கியது. அது அத்தானுக்கும் நன்றாகவே கேட்டது.

முடிச்சுப் போட்டானதும் என்னை எழுப்பி, அவருக்கு இடப்பக்கம் மாற்றி உட்கார வைத்தார்கள். அட்சதை தலையிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே நல்லுசாமி மாமா ஹபீபுல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப போர்டுன்னா அந்த போர்டா, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெடிக்கல் போர்டா இருக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றேன். எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

அத்தான் உடனே திரும்பினார். "சொன்னியா? யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை.

இலை போட்டாயிற்று என்று ஆள் வந்து சொன்னான். அத்தை மணையருகே வந்தாள். வழக்கம்போல அவருடைய இடப்பக்கம் வந்தாள். அங்கே நான் இருந்தேன். கையில் இருந்த விசிறியோடு ஒரு கணம் நின்றாள். நான் நகர இடம் பார்த்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"சாப்பிட வரச் சொல்லு அவனை. வெறும் வயித்தோட இருக்கான்" என்றாள், என்னைப் பார்த்து.

சொன்னேன். அவர் எழுந்தார்.